மின்வழி வரிப் படிவமும் நாம் செய்யும் பிழைகளும்



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக் கடைசியில் தோட்ட அலுவலகத்துச் சன்னலோரம் ஒரு சிறு வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சம்பள நாள் வரிசையில் இருக்கும் பேச்சும் சிரிப்பும் இதில் இருக்காது. கிராணியார் ஆளுக்கொரு தாளை நீட்டுவார். வாங்கியவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் அந்தத் தாள் தண்ணீர்க் கட்டண ரசீதுகளோடு காலண்டருக்குப் பின்னால் செருகப்படும். பிறகு அதை யாரும் தேடுவதில்லை.

அந்தத் தாளுக்குப் பெயர் இ.ஏ. படிவம். கடந்த ஆண்டு முழுவதும் நாம் எவ்வளவு சம்பாதித்தோம், சேமநிதிக்கு எவ்வளவு போயிற்று, வரியாக எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிப்ரவரி முடிவதற்குள் அதைத் தொழிலாளியின் கையில் கொடுத்துவிட வேண்டியது முதலாளியின் கடமை. இன்று அந்தத் தாளைப் பற்றியும், அதிலுள்ள எண்கள் கணினிக்குள் போகும்போது நேரும் பிழைகளைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறோம்.

“தோட்டத்து ஆளுக்கு வருமான வரியா?” என்று சிலர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. கேள்வி நியாயமானதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை மட்டும் வாங்குகிறவருக்கு ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி; அவருக்கு வரி வராது. சேமநிதி போக ஆண்டுக்கு 34,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்கிறவர்தான் வரிக் கோப்புத் திறக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்ப்பவர் இருக்கிறார். லாரி ஓட்டி மிகைநேரச் சம்பளம் வாங்குபவர் இருக்கிறார். பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வரும் மகனும் மகளும் இருக்கிறார்கள். ஒரு லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது வரிப் பிடித்தம் உள்ள சம்பளச் சீட்டு இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

முன்பெல்லாம் வாரியமே கணக்குப் போட்டு நமக்கு அறிவிக்கும். 2004ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் தனி ஆள்கள் தங்கள் வரியைத் தாங்களே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்று முறை மாறியது. 2006இல் மின்வழித் தாக்கல் வந்தது. இப்போது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்திற்குள் போனால், சம்பளம் மட்டும் உள்ளவருக்கு உரிய பி.இ. படிவம் திரையில் வருகிறது. பலருக்குச் சில கட்டங்கள் முன்பே நிரம்பியிருக்கின்றன. முதலாளி வாரியத்துக்கு அனுப்பிய விவரங்களைக் கணினி எடுத்து அங்கே வைத்துவிடுகிறது. வசதிதான். ஆயினும் எங்கள் அனுபவத்தில் பாதிப் பிழை இந்த வசதியிலிருந்தே தொடங்குகிறது.

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது கணக்குப் பாட விரிவுரையாளர் ஒரு பழக்கத்தை எங்கள் கையில் ஏற்றினார். மாணவனின் விடை தவறு என்றால் உடனே சிவப்பு மையால் அடிக்கக் கூடாது; எந்த வரியில் வழி மாறினான் என்று மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்த வரியில் புள்ளி வைக்க வேண்டும். வரிப் படிவத்துக்கும் அந்தப் பழக்கமே உதவுகிறது. திரையில் உள்ள எண் தானாக முளைத்ததன்று. மாதச் சம்பளச் சீட்டில் பிறந்து, இ.ஏ. படிவத்துக்குப் போய், அலுவலகம் தன் இ படிவத்தோடு வாரியத்துக்கு அனுப்பும் சி.பி.8டி என்னும் ஊழியர் பட்டியலிலும் ஏறி, நம் திரைக்கு வந்து சேர்கிறது. இந்த வழியில் எந்த இடத்திலும் ஒரு விரல் தவறலாம்.

2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளிக் கணினி அறையில் சிலருக்குப் படிவம் நிரப்ப உதவிக்கொண்டிருந்தோம். ஆலையில் பாய்லர் பார்க்கும் ஒருவர், ஐந்தாம் படிவம் படிக்கும் மூத்த மகளோடு வந்தார். மகள் தட்டச்சு செய்ய, அவர் பின்னால் நின்றார்.

“சார், எல்லாத்தையும் கம்ப்யூட்டரே போட்டு வச்சிருக்கு. அமுக்கினா முடிஞ்சிடும்” என்றார்.

“அமுக்காதீங்கண்ணே. அந்த இ.ஏ. தாளைக் கொஞ்சம் எடுங்க” என்றோம்.

சம்பளம் மாதம் 4,500. ஆண்டுக்கு 54,000 வெள்ளி. தாளிலும் திரையிலும் ஒரே எண். மாதாந்திர வரிப் பிடித்தம் 80 வெள்ளி வீதம் 960. அதுவும் ஒன்றே. ஆனால் மனைவிக்குரிய கட்டமும் பிள்ளைகளுக்குரிய கட்டமும் வெறுமையாக இருந்தன. அவருக்கோ வேலைக்குப் போகாத மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத மூன்று பிள்ளைகள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் அவர் திருமணமாகாதவர். அன்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த விவரம் அப்படியே இருக்கிறது. கல்யாணத்துக்குக் கிராணியாரையும் அழைத்திருக்கிறார். கிராணியார் வந்து மொய்யும் எழுதியிருக்கிறார். ஏட்டில் மட்டும் எழுதவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நேயர்களும் ஒரு பென்சில் எடுத்துக்கொண்டால் நல்லது. 54,000 வெள்ளியில் தனி ஆளுக்குரிய சலுகை 9,000. சேமநிதிக்கு அவர் 5,940 வெள்ளி கட்டியிருந்தாலும், சலுகை 4,000 வெள்ளிக்குமேல் கிடையாது. மீதி 41,000. முதல் 35,000 வெள்ளிக்கு வரி 600. அதற்குமேல் உள்ள 6,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 6 வீதம் 360. ஆக 960. அலுவலகம் பிடித்த தொகை இதுதான். திருமணமாகாதவருக்கு இது சரியான கணக்கு.

இப்போது குடும்பத்தைச் சேர்ப்போம். 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டில் வருமானமில்லாத மனைவிக்கு 4,000. பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தலா 2,000, மூவருக்கு 6,000. 41,000 வெள்ளி 31,000 ஆகக் குறைகிறது. அதற்கு வரி 480. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாததால் அவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி, மனைவிக்காக இன்னொரு 400. வரி ஒரு காசும் இல்லை. பிடித்த 960 வெள்ளியும் அவருக்குத் திரும்ப வேண்டிய பணம்.

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, போன வருஷம்?” என்று கேட்டாள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவர் அப்படியே அமுக்கி அனுப்பியிருந்தார். அந்த ஆண்டுகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய இ.ஏ. படிவங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, கோப்பு இருக்கும் வரிக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதினோம். பிழையால் கூடுதலாகக் கட்டிய வரியை ஐந்து ஆண்டுக்குள் எழுத்து மூலம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 2024ஆம் ஆண்டுக்குரிய 960 வெள்ளி அவர் கணக்கில் ஏறிவிட்டது. பழைய ஆண்டுகளுக்குக் கடிதம் கிடைத்தது என்ற பதில் மட்டுமே வந்திருக்கிறது. மகள் மெட்ரிகுலேஷன் விடுதிக்குப் போகுமுன் அந்தப் பணமும் வந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவர் எங்களைக் காணும்போதெல்லாம் சொல்கிறார்.

கணினி பொய் சொல்லவில்லை. அதனிடம் சொல்லப்பட்டதைச் சொன்னது. நிரம்பியிருக்கும் கட்டத்தை நாம் மாற்றலாம். வெறும் கட்டத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். மாற்றும்போது கையில் தாள் ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணை ஏற்றுவதிலும் பிழைகள் உண்டு. வருமானக் கட்டத்தில் காசு எழுத இடமில்லை, வெள்ளி மட்டும்தான். 36,528 வெள்ளி 40 காசு என்று தாளில் இருப்பதைப் புள்ளியை விட்டுத் தட்டினால் முப்பத்தாறு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும்! இப்படி ஒரு தம்பி ஒரே நிமிடத்தில் இலட்சாதிபதியானதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது. கைக்கு வந்த சம்பளத்தை வருமானமாக எழுதுகிறார்கள். சேமநிதி கழிந்த பிறகு வந்த தொகை அது. பிறகு சேமநிதிக் கட்டத்திலும் மறுபடி கழிக்கிறார்கள். பிடித்தம் எதுவும் போகாத மொத்தச் சம்பளத்தையே எழுத வேண்டும். ஆண்டு நடுவில் வேலை மாறியவருக்கு இரண்டு இ.ஏ. படிவங்கள் வரும், இரண்டையும் கூட்ட வேண்டும். பழைய முதலாளியிடம் தாள் வாங்காமல் விட்டுவிட்டு, புதிய வேலையை மட்டும் காட்டுகிற பிள்ளைகள் நிறைய. வாரியத்தின் பட்டியலில் இரண்டு வேலையும் இருக்கும். பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது வீட்டில் ஒரே கலவரம்.

பிள்ளைகளுக்கான சலுகையைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கணவனும் மனைவியும் இருவருமே வேலை செய்து தனித்தனியாகப் படிவம் அனுப்பினால், ஒரே பிள்ளையின் முழுச் சலுகையை இருவரும் கேட்கக் கூடாது. ஒருவர் மட்டும் கேட்கலாம். அதே சமயம், கேட்கக்கூடியதைக் கேட்காமல் விடுவதும் நடக்கிறது. பதினெட்டு வயதைக் கடந்த, திருமணமாகாத பிள்ளை உள்நாட்டில் முழுநேரமாக டிப்ளோமா அல்லது அதற்கு மேலான கல்வி பயின்றால் சலுகை 8,000 வெள்ளி. மகன் போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கும்போது 2,000 என்று எழுதியவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருவர். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் படிக்கும் பிள்ளைக்கு 2,000தான். அதை 8,000 என்று எழுதுவதும் பிழை. பெற்றோரைப் பராமரிக்கத் தலா 1,500 வெள்ளி என்று இருந்த சலுகை 2020ஆம் மதிப்பீட்டு ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய துண்டுத்தாளைப் பார்த்து இன்னும் அதைத் தேடுகிறவர்கள் உண்டு.

வேலைக்குப் பிறகு கடை, வேன், ஆட்டுப்பண்ணை என்று சொந்தத் தொழில் நடத்துகிறவருக்கு பி.இ. படிவம் பொருந்தாது. அவருக்கு பி படிவம்; அதன் தவணை ஜூன் 30.

இனி அடையாள அட்டை எண்ணுக்கு வருவோம். நம்மவர்களிடையே ஒரே பெயருடையவர்கள் அதிகம். ஒரு தோட்டத்தில் முனியாண்டி மகன் சுப்பிரமணியம் இரண்டு பேர் இருக்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் அப்படி இருவர். ஒருவர் டிராக்டர் ஓட்டுபவர், மற்றவர் பழம் வெட்டுபவர். அலுவலகப் பட்டியலில் ஒருவரின் அடையாள அட்டை எண் மற்றவரின் வரியில் ஏறிவிட்டது. பழம் வெட்டுபவரின் மகள் படிப்புதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். தகப்பனாரின் வருமானச் சான்றாகக் கொடுத்த தாளில் டிராக்டர் ஓட்டுபவரின் சம்பளமும் மிகைநேரமும் இருந்தன. குடும்ப வருமானம் கூடுதல் என்று விண்ணப்பம் ஓரத்தில் ஒதுக்கப்பட்டது. அந்தப் பெண் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாயார் சொன்னார். பன்னிரண்டு இலக்கத்தை ஒருமுறை சரிபார்த்திருந்தால் போதும்.

இந்தப் பிழையை நாம் நம் படிவத்தில் மட்டும் திருத்தினால் முடியாது. அது பிறந்த இடம் அலுவலகம். எனவே சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிராணியாரிடம் போய், திருத்திய இ.ஏ. படிவம் கேட்க வேண்டும். வாரியத்துக்கு அனுப்பிய பட்டியலையும் திருத்தித் தெரிவிக்கும்படி சொல்ல வேண்டும். சண்டையாகப் போகாமல் கணக்காகப் போனால் வேலை நடக்கிறது. “கிராணி ஐயா, ஜனவரி முதல் டிசம்பர் வரை சீட்டு இருக்கு. கூட்டினா இவ்வளவு வருது. தாள்ல வேற இருக்கு. பார்த்துச் சொல்லுங்க” என்று அந்தத் தாயார் கேட்டார். அன்று மாலையே தாள் மாறியது. படிப்புதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினோம். பிள்ளை இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாத அந்தத் தாயாரை நாங்கள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டோம்.

தோட்டம் விற்கப்பட்டு வேலை போகும் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. வேலை இழப்புக்காகக் கொடுக்கும் இழப்பீட்டில், அதே முதலாளியிடம் பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10,000 வெள்ளி வரை வரி கிடையாது. ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் இழப்பீடு. 25 ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு அது விலக்கு எல்லைக்கு மிகக் கீழேதான் வரும். அவருக்குரிய விலக்கு எல்லையோ 2,50,000 வெள்ளி. எனவே அந்தப் பணத்துக்கு வரியே இல்லை. ஆனால் இ.ஏ. படிவத்தில் இழப்பீட்டுக்கென்று தனி வரி இருக்க, அவசரத்தில் சம்பள வரியோடு அதைக் கூட்டி எழுதிவிடுகிறார்கள். அப்போது திரையில் அவர் பெரிய சம்பளக்காரராகத் தெரிவார். ரஹ்மா ரொக்க உதவியையும் இதே வாரியம் கையாள்வதால், அங்கேயும் கேள்வி எழக்கூடும். வீடும் வேலையும் போன நேரத்தில் இது வேறு தொல்லை.

பி.இ. படிவத்துக்குச் சட்டப்படி தவணை ஏப்ரல் 30. மின்வழி அனுப்புகிறவர்களுக்கு அண்மை ஆண்டுகளில் மே 15 வரை கால அவகாசம் கொடுத்து வருகிறார்கள். கடைசி இரவில் உட்காராதீர்கள். எழுதியதைச் சேமித்துவைத்து, மறுநாள் ஒருவர் தாளை வாசிக்க மற்றொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கலாம். வங்கிக் கணக்கு எண்ணைக் கட்டாயம் இப்படிப் படியுங்கள். கணக்கு வரி கட்டுபவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். மனைவியின் கணக்கோ மகனின் கணக்கோ ஆகாது. ஓர் இலக்கம் குறைந்தாலும் திரும்ப வேண்டிய பணம் வந்த வழியே போய்விடும்.

கையொப்பமிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு பிழை தெரிந்தால், அதே படிவத்தை மறுபடி அனுப்ப முயல வேண்டாம். வருமானத்தைக் குறைத்தோ சலுகையைக் கூட்டியோ எழுதியிருந்தால், தவணை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருத்தப் படிவம் ஒருமுறை கொடுக்கலாம். கூடுதல் வரியோடு அதன்மேல் ஒரு பங்கு அபராதமும் கட்ட வேண்டிவரும். வாரியம் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதைவிட அது குறைவு. நமக்குச் சேரவேண்டிய சலுகையை விட்டுவிட்டிருந்தால், பாய்லர்காரர் செய்ததுபோல் ஆதாரங்களோடு கிளைக்கு எழுத வேண்டும். படிவமே அனுப்பாமல் இருந்துவிடுவதுதான் மோசம். நீதிமன்றம் போனால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

கணினிக் கடையில் பத்து வெள்ளி கொடுத்துப் படிவம் நிரப்புகிறவர்கள் மறைச்சொல்லைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். “உங்களுக்கு வரிப் பணம் திரும்ப வருகிறது, இங்கே அழுத்துங்கள்” என்று கைப்பேசியில் வரும் சுட்டியையும் தொடாதீர்கள். சந்தேகமாயிருந்தால் அடையாள அட்டையோடு நேரே வரிக் கிளைக்குப் போய்க் கேட்கலாம்.

படிவம் போனதும் திரையில் ஒப்புகை ஒன்று வரும். அதை அச்சிட்டு, இ.ஏ. படிவம், பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, சலுகை கேட்ட செலவுகளின் ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, உறையின்மேல் ஆண்டை எழுதிவையுங்கள். ஏழு ஆண்டு காக்க வேண்டும். காலண்டருக்குப் பின்னால் வைக்காதீர்கள். டிசம்பர் முடிந்ததும் காலண்டரோடு அதுவும் குப்பைக்குப் போய்விடுகிறது. பிஸ்கட் டின் ஒன்று போதும், கரையானும் அண்டாது.